நாளைப் போவாரும் சும்மா போகிறவனும்

1

பத்து நாள் லீவு சேர்ந்துவிட்டது. எடுக்காவிட்டால் கழிந்துபோகும் என்றார்கள். எடுத்தேன். எடுத்த பிறகுதான் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவும் இல்லை. பார்த்தே ஆக வேண்டிய மனிதர் எவரும் இல்லை. தனியாக, ரயிலில், வெகுதூரம், ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே போய்வருவது என்று தீர்மானித்தேன். அன்று இருந்த சந்தோஷம், எந்த ரயில் என்று தேர்ந்தெடுக்க உட்கார்ந்த மறுநாள் இல்லை. இந்தக் கட்டுரை அந்த மறுநாளிலிருந்து தொடங்குகிறது.

நண்பர்கள் ஆளுக்கொரு பாதை சொன்னார்கள். ஒருவர் கொங்கண் ரயில்வே என்றார். மழைக்காலத்தில் போக வேண்டுமாம்; சுரங்கத்துக்குச் சுரங்கம் ஓர் அருவி. இன்னொருவர் விசாகப்பட்டினத்திலிருந்து அரக்குப் பள்ளத்தாக்குக்குப் போகும் ரயிலைச் சொன்னார். 2017 முதல் அதில் கண்ணாடிக் கூரை போட்ட பெட்டி இருக்கிறது, கழுத்தைத் திருப்பாமலே மலையைப் பார்க்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குப் பல்சக்கரத்தில் ஏறும் ரயிலை எல்லோரும் சொன்னார்கள். ஒருவர் மட்டும் கடல் தாண்டிப் போகச் சொன்னார். கண்டியிலிருந்து பதுளைக்குப் போகிற பாதை, உலகத்திலேயே அழகான ரயில் பாதைகளில் ஒன்று என்று செல்போனில் படம் காட்டினார். ஒன்பது கண் பாலம், அதன்மேல் நீல ரயில், சுற்றிலும் தேயிலை.

பட்டியலை வைத்துக்கொண்டு யோசித்தபோது, எல்லாப் பாதைகளையும் இரண்டே கேள்விகளால் அளந்துகொண்டிருக்கிறேன் என்று தெரிந்தது. எங்கே கண்ணுக்கு அதிகம் கிடைக்கும்? எங்கே என்னிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்? முதல் கேள்வியை வெளியே சொல்லலாம். இரண்டாவதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. கூச்சம் இருக்குமிடத்தில் ஏதோ ஒரு தார்மிகப் பிரச்னை ஒளிந்திருக்கிறது என்பது என் அனுபவம்.

நான் செய்ய விரும்பிய காரியத்துக்குத் தமிழில் வேடிக்கை பார்ப்பது என்று பெயர். ஜன்னலோரக் குழந்தை வேடிக்கை பார்க்கிறது என்றால் அதில் குற்றமில்லை. தெருவில் ஒருவனைப் போட்டு அடித்தபோது சுற்றி நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள் என்றால் அது பழி. இரண்டுக்கும் ஒரே சொல். மொழி சோம்பலால் இப்படிச் செய்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டிலும் பார்க்கிறவன், தான் பார்ப்பதற்குப் பதில் சொல்லும் பொறுப்பிலிருந்து விடுபட்டு நிற்கிறான். அப்படியானால் குழந்தையையும் கூட்டத்தையும் பிரிக்கும் கோடு எங்கே விழுகிறது? ரயில் நிற்காமல் ஓடுகிறது என்பதால் மட்டும் அதில் உட்கார்ந்திருப்பவன் நிரபராதி ஆகிவிடுவானா?

2

அழகுக்காக யாரும் ரயில் பாதை போட்டதில்லை. இது எளிய உண்மைதான்; ஆனால் பட்டியல் போடும்போது நமக்கு நினைவில் இருப்பதில்லை. அரக்குப் பாதை 1960களில் பைலாடிலா மலையின் இரும்புத் தாதுவை ஜப்பானுக்கு அனுப்புவதற்காகப் போடப்பட்டது. ஆதிவாசிகளின் மலையைக் குடைந்து போன சரக்குப் பாதை அது. பிரயாணிகளுக்குக் கண்ணாடிக் கூரை வந்தது அரை நூற்றாண்டு கழித்து. நீலகிரிப் பாதை 1899இல் குன்னூரையும் 1908இல் உதகையையும் எட்டியது. கோடையில் மலைக்கு இடம்பெயரும் மதராஸ் அரசாங்கத்துக்கு அது சௌகரியம். 1998இல் முழுதாகத் திறந்த கொங்கண் பாதையைப் போடும்போது இறந்த தொழிலாளர்களுக்கு ரத்னகிரியில் நினைவுச் சின்னம் இருக்கிறது. அருவிக்காகக் காத்திருக்கும் கண் அந்தப் பக்கம் திரும்புமா என்பது சந்தேகம்.

கண்டிப் பாதை விஷயம் இன்னும் நெருக்கமானது. காப்பியை இறக்கிக் கொண்டுவரத்தான் 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது. காப்பி நோயில் அழிந்து, தேயிலை வந்து, பாதை மலைமேல் நீண்டு நீண்டு 1924இல் பதுளையை அடைந்தது. படத்தில் நண்பர் காட்டிய அந்தப் பச்சை இயற்கையல்ல. ஒவ்வொரு செடியும் ஒரு கை வைத்தது. திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்திலிருந்து போன கைகள். ஆரம்பத்தில் போனவர்கள் மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டது. மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நிறுத்திவைக்கப்பட்டார்கள். மலையகத்தில் ரயிலைக் கோச்சி என்பார்கள். அந்தக் கோச்சியில்தான் அவர்கள் மலையிறங்கித் தலைமன்னாருக்குப் போனார்கள். பிளாட்பாரத்தில் கட்டிப்பிடித்து அழுதவர்களுக்கும் அந்த மலை தெரிந்திருக்கும், அந்த மூடுபனி தெரிந்திருக்கும். அவர்களில் எவரும் அதை அழகான ரயில் பிரயாணம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு ஜன்னலோரம் உட்காருவது முடியாத காரியம் என்று நான் சொல்ல வரவில்லை. முடியும். தெரிந்துகொள்வது பார்ப்பதைத் தடுப்பதில்லை. சில சமயம் அதற்கு இன்னும் கொஞ்சம் ருசி கூட்டுகிறது. சோகம் கலந்த அழகு அறிவுஜீவிக்குப் பிடித்த பதார்த்தம். ஆகவே வரலாற்றறிவு நம்மைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையையும் விட்டுவிட வேண்டியிருக்கிறது.

3

நிலத்தைப் பார்ப்பதற்கு நம்மிடம் ஒரு பழைய முறை இருக்கிறது. தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதலாக வைத்தார். அதில் பிறக்கும் கருப்பொருள்களில் மரத்துக்கும் பறவைக்கும் பக்கத்திலேயே உணவையும் பறையையும் தொழிலையும் வைத்தார். மனிதர் செய்யும் வேலை இல்லாமல் ஒரு திணை முழுமையடைவதில்லை. நெய்தல் என்றால் கடல் மட்டுமில்லை. உப்பு விளைப்பதும் மீன் உணக்குவதும் சேர்ந்ததுதான் நெய்தல். இன்று நாம் இயற்கைக் காட்சி என்று சொல்வது திணையிலிருந்து தொழிலைக் கழித்தால் மிஞ்சுவது. தேயிலை இருக்கும், கொழுந்து பறிக்கிறவளின் கூலி இருக்காது.

ஆனால் இந்தப் பழம்பெருமையில் சாய்ந்துகொண்டு தூங்கிவிடவும் முடியவில்லை. அதே தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்துகிறது என்றுதான் உரையாசிரியர்கள் பொருள் கொண்டார்கள். தொழில் நிலத்துக்கு வேண்டும். தொழில் செய்கிறவனின் காதல் கவிதையின் மையத்துக்கு வேண்டாம். ஜன்னல் ரயிலோடு வந்தது என்று நினைக்கிறோம். சட்டம் அடித்த கண்ணாடி அதற்கு வெகுகாலம் முன்பே நம் வீட்டில் இருந்திருக்கிறது.

மேற்கிலிருந்து ஒருவரைத் துணைக்குக் கூப்பிட்டேன். கீர்க்ககார்ட் 1843இல் வெளியிட்ட 'இது அல்லது அது' நூலில், சலிப்பைப் பற்றி ஒரு ரசனைவாதி பேசுகிறான். சலித்தவன் கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போகிறான், தாய்நாட்டை விட்டு வெளிநாட்டுக்குப் போகிறான், அதற்கு முடிவே இல்லை. வயலை மாற்றிக்கொண்டே போகாதே, இருக்கும் வயலில் பயிரை மாற்று என்பது அவன் யோசனை. சிறைக்குள் இருப்பவனுக்கு ஒரு சிலந்தி போதும் என்கிறான். கெட்டிக்காரத்தனமான யோசனை, உண்மையும் இருக்கிறது. கொங்கணுக்கும் கண்டிக்கும் அலைந்த என் மனசுக்கு இது நல்ல கொட்டு. ஆனால் வயலை மாற்றுகிறவன், பயிரை மாற்றுகிறவன் இருவருமே வயல் தன்னுடையது என்ற நினைப்பில் இருக்கிறார்கள். வயல் தன்னுடையதல்லாத ஒருவன் பிரயாணம் போக விரும்பினால்?

அப்படி ஒருவனைச் சிதம்பரத்துக்காரர்களுக்கும் கடலூர்க்காரர்களுக்கும் தெரியாமலிருக்க வழியில்லை.

4

சேக்கிழாரிடம் நந்தனுக்குத் திருநாளைப்போவார் என்று பெயர். ஆதனூர்ச் சேரியில் இருந்தவன், கோயில் பேரிகைகளுக்குத் தோலும் யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் கொடுத்துவந்தவன், தில்லைக்கு நாளை போவேன், நாளை போவேன் என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கழித்தான். பெரியபுராணத்தில் அவனைத் தடுக்கும் பண்ணையார் யாரும் இல்லை. தன் பிறப்பை நினைத்து அவனே தயங்குகிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி அந்தக் கதையை எடுத்தபோது, வேதியர் ஒருவர் முதலாளியாக வந்து நின்றார். நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்றார். தயக்கத்துக்கு ஒரு முகவரி கிடைத்தது. லீவு தர மறுக்கும் அதிகாரி தமிழிலக்கியத்தில் பிரவேசித்தது அங்கேதான் என்று சொல்லலாம்.

நந்தனுடையது உல்லாசப் பிரயாணம் அல்ல, பக்தி. இரண்டையும் ஒப்பிடுவதே அபசாரம் என்று ஒருவர் சொல்லக்கூடும். ஆனால் அவன் கேட்டது என்ன? பார்க்க வேண்டும் என்றான். வேறொன்றும் கேட்கவில்லை. நிலம் கேட்கவில்லை, கூலி கேட்கவில்லை. தனியாகப் போய், ஒருமுறை பார்த்துவிட்டு வர வேண்டும் என்று கேட்டான். நான் என் பத்து நாள் லீவில் கேட்டதும் சொல்லளவில் அதேதான். வித்தியாசம் பின்னால் இருக்கிறது. நந்தன் எங்கே போனாலும் அவனை யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஊரை விட்டுக் கிளம்பினாலும் பிறப்பு கூடவே வரும். தில்லையின் எல்லையில் நின்று, உள்ளே போகாமல் இரவும் பகலும் சுற்றிச் சுற்றி வந்தான் என்கிறது புராணம். நானோ யாருமில்லாதவனாக ஆவதற்காகவே ரயிலேறுகிறேன். ஓய்வு என்று நான் சொல்வதன் சாரம் அதுதான். பத்து நாள், என் பெயரும் உத்தியோகமும் குலமும் கோத்திரமும் யாருக்கும் தெரியாமல் இருக்கும் சுகம். அந்தச் சுகம் எல்லோருக்கும் விற்கப்படுவதில்லை. சிலருக்கு யாருமில்லாதவனாக இருக்கும் உரிமை வேண்டுமானால் தீயில் இறங்க வேண்டியிருந்தது. இறங்கினவன் அந்தணக் கோலத்தில் வெளியே வந்தான் என்கிறார்கள். வேறு கோலத்தில் வந்தவனை வந்தவன் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டவர்களும் உண்டு. நானும் அவர்கள் பக்கம்தான்.

சட்டம் கோயில் கதவைத் திறக்க 1947 வரை ஆனது. அதற்கு முப்பது வருஷம் முன்பே, 1916இல், சுவாமி சகஜானந்தா சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக் கழகம் தொடங்கினார். நந்தன் எந்த ஊருக்கு வெளியே நின்றானோ அந்த ஊருக்குள் அவன் பெயரால் பள்ளிக்கூடம். பார்ப்பதற்குப் போனவனின் கதையிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது பார்வையை அல்ல; எழுத்தை.

பழைய தமிழில் காட்சி என்பது கொடுக்கப்படுவது. கடவுள் காட்சி கொடுத்தார் என்போம். இப்போது காட்சி எடுக்கப்படுவதாகிவிட்டது. கேட்டுப் பெறாமல் எடுத்துக்கொள்ளப்படுவது எதுவாக இருந்தாலும் அதன் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது.

5

லீவின் முதல் நாள் காலையில் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனுக்குப் போனேன். புதுமைப்பித்தன் பிறந்த ஊர் இது என்பதற்கு ஸ்டேஷனில் தடயம் எதுவும் தெரியவில்லை. அவர் அதை எதிர்பார்த்திருக்கவும் மாட்டார். முன்பதிவு எதுவும் செய்யவில்லை. மயிலாடுதுறை போகிற பாசஞ்சர் வந்தது. சிதம்பரத்துக்கு டிக்கட் வாங்கி ஏறினேன். நாற்பது கிலோமீட்டர் சொச்சம். எந்தப் பட்டியலிலும் இல்லாத பிரயாணம்.

இந்தப் பாதைக்கு மெயின் லைன் என்று பெயர். விருத்தாசலம் வழியாகக் கார்டு லைன் வந்த பிறகு வேகமான வண்டிகள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்விட்டன. பெயரில் மட்டும் முதன்மை தங்கியது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக சில வருஷம் மூடி, 2010இல் மறுபடி திறந்தார்கள். சிதம்பரத்தில் குடியிருந்த மௌனியைப் பார்க்க, 1985இல் அவர் காலமாகும்வரை, ரயிலேறி வந்த எழுத்தாளர்கள் உண்டு. அவர்களுக்குப் போய்ச் சேர ஒரு ஆள் இருந்தார். ஜன்னல் அவர்களுக்கு உபரி.

கடலூர் துறைமுகம் ஜங்ஷனில் மீன் கூடைகளோடு சில பெண்கள் ஏறினார்கள். ஒரு வயசான அம்மாள் கதவருகே நின்ற என்னைப் பார்த்து, "ஒரு கை புடிங்க தம்பி" என்றார். அலுமினியக் கூடை. தூக்கி உள்ளே வைத்தேன். கூடையின் அடியிலிருந்து சொட்டிய தண்ணீர் சட்டையில் வழிந்தது. அவர் கதவை ஒட்டிக் கீழே உட்கார்ந்துகொண்டார். ஆலப்பாக்கம் தாண்டியதும் விசாரணை தொடங்கியது.

"எங்க போறீங்க?"

"சிதம்பரம்."

"கோயிலுக்கா?"

"இல்லம்மா."

"ஆஸ்பத்திரிக்கா?"

"இல்ல. சும்மாதான்."

"சும்மாவா? கூட யாரும் வரலையா?"

"தனியாத்தான்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வீட்டில் சண்டையா என்று கேட்க நினைத்து விட்டுவிட்டார் என்று தோன்றியது. யாரும் எதுவும் கேட்காத ரயிலைத் தேடி ஒரு வாரம் பட்டியல் போட்டவனிடம், பத்து நிமிஷத்தில் நாலு கேள்விகள் கேட்டாகிவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. ஆச்சரியமாக, உடம்பு கொஞ்சம் தளர்ந்தது. ஓய்வு என்று நான் தேடியது இப்படித்தான் இருக்குமோ என்று நினைத்தேன்.

பரங்கிப்பேட்டை போயிற்று. 1781இல் ஐதர் அலியும் கம்பெனிப் படையும் மோதிய ஊர், பிறகு சேலத்துத் தாதுவை உருக்கி இங்கிலாந்துக்கு அனுப்பிய இரும்பாலை இருந்த ஊர். என் தலைக்குள் வழிகாட்டிப் புத்தகம் தானாகப் புரண்டுகொண்டிருந்தது. வண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறியது. கிழக்கே முகத்துவாரத்தை நோக்கி ஆறு அகன்றுகொண்டே போனது. காலை வெயில் தண்ணீர் முழுதும் பரவியிருந்தது. ஒரு வள்ளம். கரையில் பச்சை. கொங்கணில் கிடைத்திருந்தால் ஊரைக் கூட்டிக் காட்டியிருப்பேன்.

"நல்லாருக்கு இல்ல" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "இப்பிடித்தான் வந்துச்சு" என்றார்.

எது வந்தது என்று நான் கேட்கவில்லை. கடலூர் மாவட்டத்தில் அந்த வினைக்கு எழுவாய் தேவையில்லை. 2004 டிசம்பர் 26. கிள்ளையில் இறங்கிக் கிழக்கே போனால் பிச்சாவரம். அதன் சுரபுன்னைக் காடு பின்னால் இருந்த ஊர்களுக்கு வேகத்தைத் தணித்துக் கொடுத்தது என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். காட்டுக்கு அப்பால் கடலோரமாக இருந்த எம்.ஜி.ஆர். திட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. பிழைத்தவர்கள் வேறிடத்தில் குடியேறினார்கள். படகில் போய்க் காட்டைப் பார்க்கிறவர்களுக்கு இன்றும் அது அழகான இடம். அழகு பொய்யில்லை. நான் வெள்ளாற்றில் பார்த்ததும் பொய்யில்லை. அவர் பார்த்ததும் அதே தண்ணீர்தான். பாலம் முடியும்வரை இருவரும் பேசவில்லை.

முதலில் கேட்ட கேள்விக்கு ஏதாவது பதில் அங்கே கிடைத்ததா? கோடு ரயிலின் வேகத்தில் இல்லை என்று மட்டும் தெரிந்தது. பக்கத்தில் இருப்பவரின் கண்ணாலும் அதைப் பார்க்க நேரும் சாத்தியத்தைத் திறந்துவைத்திருக்கிறோமா, அடைத்துவிட்டோமா என்பதில் அது இருக்கிறது. அழகான பிரயாணத்தைத் தேர்ந்தெடுக்கிறவன் அநேகமாக அந்தச் சாத்தியத்தை அடைப்பதற்கே அதிகப் பணம் கொடுக்கிறான். நான் கொடுக்க இருந்தேன்.

இதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. சாதாரணப் பெட்டியில் ஏழைகளோடு போவதையே ஒரு காட்சியாக்கிக்கொள்ளலாம். மீன்கூடைக்காரரைத் தேயிலைக்குப் பதிலாக ஜன்னலில் வைத்துவிடலாம். இந்தக் கட்டுரையே அதைச் செய்கிறதோ என்ற பயம் எனக்கு உண்டு. காந்தி மூன்றாம் வகுப்பில் போனார். ஆனால் அதன் அசுத்தத்தையும் நெரிசலையும் 1917இல் குற்றப்பத்திரிகையாக எழுதினார். ரசிக்கவில்லை. எனக்கு எழுதிக்கொள்ள அப்படி ஒரு வழக்கும் இல்லை. எனக்கு வாய்த்தது ஒரு சின்ன வேலை. அதை அந்த அம்மாளே கொடுத்தார். வண்டி சிதம்பரத்தில் நுழையும்போது, "எறங்கறப்ப கூடைய எறக்கிக் குடுத்துட்டுப் போங்க தம்பி. சும்மாதான போறீங்க" என்றார்.

இறக்கிக் கொடுத்தேன். அவர் தலையில் சும்மாடு வைத்துக் கூடையை ஏற்றிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்.

ஸ்டேஷனிலிருந்து தெற்குச் சன்னதி வரை நடந்தேன். சட்டையில் மீன் கவுச்சி அடித்தது. உள்ளே போகவில்லை. இந்த வாடையோடு எப்படிப் போவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போயிருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். என்னை யாரும் தடுக்க மாட்டார்கள் என்பது வாசலில் நிற்கும்போது எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. கால் நின்றது வாடையினாலா, அந்த நிச்சயத்தினாலா என்று இன்னும் தெளிவாகவில்லை. அடுத்த பாசஞ்சரில் கடலூர் திரும்பினேன். இன்னும் ஒன்பது நாள் லீவு பாக்கி இருந்தது.